மறு இன்ஸ்பெக்ஷன் கேட்டு மருமகனுக்கு மாமா எழுதுவது

ஆம்பூர்,
ஞாயிறு, ஆராதனை முடிந்த பிற்பகல்.

கர்த்தருக்குள் பிரியமான மருமகன் ஷாஜினுக்கு,

உன் தாய்மாமனும், ஆம்பூர் தோல் சாம்ராஜ்யத்தின் ஓய்வுபெற்ற டிஸ்பாட்ச் சூப்பர்வைசரும், சபைப் பாடகர் குழுவில் யாரும் கேட்காமலே பேஸ் குரல் கொடுத்து வருபவனுமான ஐசக் தேவசகாயம் எழுதிக்கொண்டது. பெங்களூரில் மேகத்துக்குப் பக்கத்து மாடியில் நீயும், ஜெனிஃபாவும், குட்டிப் பையன் ஜோவினும் கர்த்தருடைய கிருபையால் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் இங்கே இருக்கிறேன். எந்த மாதிரி இருக்கிறேன் என்பதுதான் கடிதம்.

முதலிலேயே வலது கையை உயர்த்திச் சொல்லிவிடுகிறேன். இனிமேல் நான் எழுதப்போவதை உலகத்தில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். பாலாற்றில் தண்ணீர் ஓடுகிறது என்றால்கூட வேடிக்கை பார்க்க நாலு பேர் வண்டியை எடுத்துக்கொண்டு போவார்கள். இந்தக் கதைக்கு அந்த நாலு பேரும் வர மாட்டார்கள். நீயும் நம்ப வேண்டாம். ஆனால் நம்பாமலே செய்யக்கூடிய ஒரு வேலை உனக்கு இருக்கிறது. வருகிற வியாழக்கிழமை காலை, வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில், என் சொந்தக்காரர் யாராவது ஒருத்தர் என்கூட டாக்டர் அறைக்குள் வந்து அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். சொந்தம் என்று தேடினால் உன் ரோஸ் அத்தை போய்ச் சேர்ந்தாள், உன் அம்மா அவளுக்குத் துணையாகப் போய்ச் சேர்ந்தாள், எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மிச்சம் ஸ்டாக் நீ ஒருத்தன்தான். போனில் சொல்லலாம் என்றால் நீ எடுப்பதில்லை. வாட்ஸப்பில் போட்டால் இரண்டு நீலக் கோடு மட்டும் வருகிறது. அதனால்தான் பேனா. கடிதத்தைப் பிரிக்காமல் நீலக் கோடு போட முடியாது.

கதைக்கு வருகிறேன். இதில் வில்லன்கள் ஐந்து பேர். ஒரே தாய்க்குப் பிறந்த ரவுடிகள். பெயர் அன், இன், டிஸ், மிஸ், நான். ஆங்கில வார்த்தைகளின் வாசலில் பீடி குடித்துக்கொண்டு நிற்பார்கள். உள்ளே மகராசன் மாதிரி ஒரு வார்த்தை உட்கார்ந்திருக்கும்: ஃபிட், ரெகுலர், பாசிபிள் என்று. இவன்கள் ஒருத்தன் வந்து முன்னால் நின்றான் என்றால் போதும், உள்ளே இருந்தவன் சொத்து சுகம் எல்லாம் போய்ச் சந்தியில் நிற்பான். அதிலும் இந்த இன் இருக்கிறானே, மாறுவேஷத்தில் மன்னன். பாசிபிளுக்கு முன்னால் இம் என்று மீசை வைத்துக்கொண்டு வருவான், ரெகுலருக்கு முன்னால் இர் என்று தொப்பி போட்டுக்கொண்டு வருவான், லீகலுக்கு முன்னால் இல் என்று வக்கீல் கோட்டோடு வருவான். எந்த வேஷத்தில் வந்தாலும் செய்கிற வேலை ஒன்றுதான். டிஸ் குடும்பத்தில் எனக்குச் சோறு போட்டது டிஸ்பாட்ச் மட்டும்தான். ஐந்தாவது ஆளின் பெயரைத் தமிழில் எழுதினால் நான் என்று வருகிறது, அதைப் பார்த்தால் எனக்கே கொஞ்சம் பயமாக இருக்கிறது.

நம் பாஷை அப்படி இல்லை, மருமகனே. நாம் கெட்டதைக் கடைசியில்தான் சொல்வோம். "உங்க மாமா பிழைக்க" என்று ஆரம்பித்தால், அது பிழைக்கலாம் என்று முடியுமா, பிழைக்க மாட்டார் என்று முடியுமா என்று கேட்கிறவனுக்குக் கடைசி எழுத்து வரைக்கும் ஒரு வாய் காற்று இருக்கும். அதற்குள் ஒரு ஜெபம்கூடப் பண்ணிவிடலாம். இங்கிலீஷ்காரன் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, வாசலிலேயே சொல்லிவிடுகிறான். மரியாதை தெரியாத பயல்.

இந்த ஐந்து பேரோடும் நான் வாழ்நாள் பூராவும் குடும்பம் நடத்தியிருக்கிறேன். ஃபாக்டரியில் என் வேலை ஷூவைப் பெட்டியில் போட்டு, பெட்டியை அட்டைப்பெட்டியில் போட்டு, அட்டைப்பெட்டியைக் கன்டெய்னரில் ஏற்றுவது. என் வேலைக்குக் குறுக்கே நிற்பதற்கென்றே ஆண்டவன் படைத்த ஜீவன் முக்தார் அகமது. நாங்கள் பாய் என்போம். வெளிநாட்டில் ஷூ வாங்குகிற பையருக்காக சரக்கைப் பார்த்து பாஸ் பண்ணுகிற இன்ஸ்பெக்டர். அவர் கண்ணைப் பற்றி ஆம்பூரில் பல கதைகள் உண்டு. எல்லாவற்றையும் கிளப்பிவிட்டவன் நான்தான் என்றாலும் அவை உண்மை. கன்றுக்குட்டியாக இருக்கும்போது உண்ணி கடித்த இடத்தை, அந்தக் கன்று மாடாகி, மாடு தோலாகி, தோல் ஷூவாகி, ஷூ பாலிஷாகி வந்த பிறகும் மூன்று மேஜைக்கு அப்பாலிருந்து காட்டுவார். ஒரு பௌர்ணமி அன்று கேட்டில் நின்று நிலாவைப் பார்த்து, "ஷேடு ஒரே மாதிரி இல்ல" என்று சொன்ன மனுஷன். ஆதாமின் தோலையே கொண்டுவந்து கொடுத்திருந்தாலும் திருப்பிப் பார்த்து, விலா எலும்புக்குக் கீழே வெட்டு இருக்கிறது என்று சிவப்பு அம்பு ஒட்டியிருப்பார்.

இந்தச் சிவப்பு அம்பைப் பற்றி உனக்குத் தெரியாது, நீ கம்ப்யூட்டர் ஆள். எங்கள் தொழிலில் குறை இருக்கிற இடத்தைக் காட்ட அம்பு மாதிரி வெட்டின குட்டி ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அம்பு ஜாஸ்தி ஆனால் லாட் ரிஜெக்ட், மொத்தச் சரக்கும் திரும்பும். பாய் நான்-கன்ஃபார்மிங், அன்அக்செப்டபிள், மிஸ்மேட்ச் என்று எழுதி நம் ரவுடிகள் கையில் ஒப்படைத்துவிடுவார். ஆனால் அதோடு முடிந்ததா என்றால் இல்லை. ஆம்பூரில் எந்த ஃபாக்டரியிலும் ரிஜெக்ட் என்றால் முடிவு என்று அர்த்தம் கிடையாது, இடைவேளை என்று அர்த்தம். லாட்டைத் திரும்ப எடுத்துப்போவோம், கறையைத் துடைப்போம், கீறலுக்கு வர்ணம் ஏற்றுவோம், லைட்டுக்கு நேரே பளபளக்க அடுக்குவோம், இன்ஸ்பெக்டருக்கு மத்தியானம் பிரியாணி சொல்லுவோம், மறுபடி அவர் மேஜையில் வைத்து ஆஃபர் பண்ணுவோம். அதே ஷூ, அதே பாய். பாதி பாஸ் ஆகும். இதுதான் மறு இன்ஸ்பெக்ஷன். நான் பரலோக வாசலிலும் இதைத்தான் கேட்பதாக இருந்தேன். அதற்கு முன்னாலேயே கேட்க வேண்டியதாகிவிட்டது.

மழைக்காலம் முடிந்ததிலிருந்து வயிற்றின் மேல்பக்கம் ஒரு வலி. முதுகு வரைக்கும் போய் அங்கே வாடகைக்கு இருக்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டது. பேன்ட் எல்லாம் இரண்டு சுற்று பெரிசாகிவிட்டது. உன் அத்தை இருந்தால் சீரகத் தண்ணீர் கொடுத்திருப்பாள், நானே கொடுத்துக்கொண்டேன். அது கேட்கவில்லை. வேலூருக்குப் போனேன். அங்கே என்னை ஒரு குழாய்க்குள் தள்ளி, மூச்சை இழு, விடாதே, விடு என்று ஒரு மெஷின் என்னிடம் இந்தியில் சொல்ல, நான் இந்தி தெரியாமல் மூச்சை விடாமலே இருந்து, நீலமாகி, அங்கிருந்தவர்கள் நான் போயே போய்விட்டேன் என்று ஸ்ட்ரெச்சர் கொண்டுவந்து, நான் எழுந்து காப்பி கேட்டு, அதைப் பார்த்து ஒரு அட்டெண்டர் மயங்கி விழுந்து, அந்த ஸ்ட்ரெச்சரில் அவனை ஏற்றிக்கொண்டு போனதெல்லாம் சின்ன விஷயம், விடு.

விஷயம் ரிப்போர்ட். கவரைக் கையில் கொடுத்ததும் பிரித்துவிட்டேன். பெட்டியைப் பிரிக்காமல் டெலிவரி எடுக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. கல்லீரல், அன்ரிமார்க்கபிள். மண்ணீரல், அன்ரிமார்க்கபிள். இரண்டு சிறுநீரகமும் அன்ரிமார்க்கபிள். எனக்கு வந்தது பார் கோபம். சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் இல்லையாம். இத்தனை வருஷம் மதுவைத் தொடாமல், ஃபாக்டரி கான்டீன் சாம்பாரையும் தாங்கிக்கொண்ட கல்லீரலைப் பற்றி ஒரு பாராட்டு வார்த்தை கிடையாதா? நேராகக் கவுன்ட்டருக்குப் போய் எல்லா உறுப்பின் சார்பிலும் மானநஷ்டம் கேட்டேன். அங்கே ஒரு நர்ஸ், பெயர் ஃபீபி, நம் சபைப் பிள்ளை மாதிரி முகம், பொறுமையாகச் சொன்னது. ஆஸ்பத்திரியில் அன்ரிமார்க்கபிள் என்றால் அதைவிடப் பெரிய பட்டம் இல்லையாம். யார் கண்ணையும் உறுத்தாமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிற உறுப்புக்குத்தான் அந்தப் பெயராம். அன் என்கிற ரவுடி நல்லது பண்ணி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கல்லீரலைத் தட்டிக்கொடுத்துவிட்டு மேலே படித்தேன். கணையம் என்கிற இடத்தில் அந்த வார்த்தை இல்லை. டாக்டர்கள் அதைப் பார்த்து ஒரு பாரா எழுதியிருந்தார்கள். பாராவின் கடைசியில் வேறே ஒரு வார்த்தை. படிப்பதற்குள் அந்தப் பிள்ளை கட்டை விரலால் மறைத்துவிட்டது.

"அதை நீங்க படிக்க வேணாம் அங்கிள். வியாழக்கிழமை டாக்டர் பேசுவாங்க. சொந்தக்காரங்க யாரையாச்சும் கூட்டிட்டு வாங்க."

"நான்தாம்மா எனக்கு ரொம்ப நெருங்கின சொந்தம்" என்றேன்.

அது சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆனால் அட்டைப்பெட்டியில் தலைகீழாக ஒட்டின லேபிளையும் ஓடுகிற லாரியில் படித்தவன் நான். ஒரு கட்டை விரல் எம்மாத்திரம்? விரலுக்கு இந்தப் பக்கம் இன் தெரிந்தது, அந்தப் பக்கம் வால் தெரிந்தது. இன்ஆப்பரபிள். வெட்டி எடுக்க முடியாது. மாறுவேஷம்கூடப் போடாமல், இன் அவனுடைய சொந்த முகத்தோடேயே வந்து நின்றிருந்தான்.

அன்றைக்குத்தான் உனக்குப் போன் பண்ணினேன். இந்த உலகத்துக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண்குரல் சொன்னது. பிறகு மெசேஜ் போட்டேன், உடம்பு சரியில்லை, வியாழன் வேலூர் வர முடியுமா என்று. அந்த ஒரு தடவை மட்டும் நீ பதில் அனுப்பினாய், அது இன்னும் என் போனில் இருக்கிறது. "சாரி மாமா, அன்அவாய்டபிள் வொர்க்." குறை சொல்வதற்காக எழுதவில்லை. தவிர்க்க முடியாதது என்று ஒன்று உலகத்தில் இருக்கத்தான் செய்கிறது, என் வயிற்றிலும் ஒன்று இருக்கிறது. இரண்டும் ஒரே வியாழக்கிழமையில் விழுந்துவிட்டது, அவ்வளவுதான்.

சரி, ரிஜெக்ட் ஆன லாட்டை வைத்துக்கொண்டு அழுகிறவன் டிஸ்பாட்ச் சூப்பர்வைசர் இல்லை. மறு இன்ஸ்பெக்ஷனுக்குத் தயார் பண்ணினேன். முடி வெட்டினேன். மீசைக்கு மை அடித்தேன், அது கொஞ்சம் கன்னத்துக்கும் போய்விட்டது. உன் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை எடுத்தேன். உள்ளே இன்னொரு ஐசக்கையும் வைத்து பட்டன் போடலாம் போல இருந்தது. வயிற்றுக்கு உள்ளே இருப்பதைத் துடைக்க முடியாவிட்டாலும் மேல்தோலாவது பாஸ் ஆகிற மாதிரி இருக்கட்டும் என்று எண்ணம். ஆனால் டாக்டரிடம் ஆஃபர் பண்ணுவதற்கு முன்னால் ஒரு இன்டர்னல் செக் போட வேண்டாமா? போட வேண்டுமென்றால் ஆம்பூரில் அதற்குத் தகுதியான கண் ஒன்றுதான். போனேன்.

முக்தார் பாய் இப்போது வீட்டுக்குப் பக்கத்திலேயே மகன் வைத்திருக்கிற சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டில் உட்கார்ந்திருக்கிறார். ஷூவின் மேல்பாகம் தைக்கிற மெஷின் நாலு, பெரிய மேஜை, மேலே டியூப் லைட்டு. விஷயத்தைச் சொன்னேன். ரிப்போர்ட்டைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு, கழற்றி, துடைத்து, போட்டுப் படித்தார். எல்லா அன்ரிமார்க்கபிளையும் தாண்டி அந்த வார்த்தைக்கு வந்ததும் நின்றுவிட்டார். ரிப்போர்ட்டை மடித்து என் கையில் கொடுத்தார். மேஜையைக் காட்டி, "ஏறிப் படு" என்றார்.

ஏறிப் படுத்தேன், மருமகனே. கோட்டு, சட்டை எல்லாம் கழற்றி, ஒரு தோல் மாதிரி. டியூப் லைட்டை இழுத்து முகத்துக்கு நேரே வைத்தார். உச்சந்தலையிலிருந்து ஆரம்பித்தார். முடி கம்மி, ஒரு அம்பு. காதுக்குப் பின்னால் அம்மைத் தழும்பு, ஒரு அம்பு. தோள்பட்டையில் அட்டைப்பெட்டி தூக்கின காய்ப்பு, ஒரு அம்பு. முழங்காலில் சின்ன வயதில் கணியம்பாடியில் மாட்டுவண்டியிலிருந்து விழுந்த வெட்டு, அதுக்கு இரண்டு. பின்கழுத்தில் ஏதோ மச்சம், அதுக்கும் ஒன்று. நான் சிவப்பு அம்பில் முள்ளம்பன்றி மாதிரி கிடந்தேன். அந்த நேரம் பார்த்து டீயோடு உள்ளே வந்தது ஹலீமா பீ, பாயின் வீட்டம்மா. தட்டைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டது.

"இன்னாங்க இது, பெரிய மனுசனை இப்டி மல்லாத்திப் போட்டுக்கினு? அண்ணே, இவருக்கு ரிட்டயர் ஆனதுலருந்து ரிஜெக்ட் பண்றதுக்கு ஒண்ணும் கெடைக்கல. நேத்து நான் சுட்ட சப்பாத்தியில மூணு ரிஜெக்ட்டு. நீங்களும் வந்து ஆப்ட்டுக்கினீங்களா?"

நான் சிரித்தேன். பாயும் சிரித்துக்கொண்டேதான் அடுத்த அம்பைக் கையில் எடுத்தார். வயிற்றுக்கு வந்தார். கட்டை விரலால் மெல்ல அழுத்தினார், தோலில் உள்காயம் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. நான் பல்லைக் கடித்ததை அவர் பார்த்துவிட்டார். நிலாவில் குறை கண்டுபிடித்த மனுஷனுக்கு இது தெரியாதா? அம்பு விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு நின்றது. ஒட்டவில்லை. திரும்ப அதே தாளில், அதே இடத்தில், ஓரம் மடங்காமல் வைத்தார். ஹலீமா பீ டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டது.

"எழுந்திரு ஐசக்கு. வியாழக்கிழமைக்கு யார் வர்றாங்க?" என்று கேட்டார்.

உன் மெசேஜைக் காட்டினேன். அவருக்கும் அந்த ரவுடிகளை அடையாளம் தெரியும். அரே, அப்டின்னா நான் வர்றேன், உன் அண்ணன்னு சொல்லிக்கிறேன், போய் முன்னாலயே பேர் குடுத்துடலாம் என்று கிளம்பிவிட்டார். வாழ்க்கையில் ஒரு பொய் ரிப்போர்ட்டில்கூடக் கையெழுத்துப் போடாத மனுஷன், பள்ளிகொண்டா தாண்டுகிற வரைக்கும் பஸ்ஸில் பொய்யை மனப்பாடம் பண்ணினார். அப்பா பெயர் தேவசகாயம், சொந்த ஊர் கணியம்பாடி, கூடப் பிறந்தது ஒரு தங்கச்சி. தங்கச்சி இறந்துவிட்டாள் என்கிற இடம் வரும்போதெல்லாம் நிஜமாகவே முகத்தைத் தொங்கப்போட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த குடியாத்தம் லுங்கி வியாபாரி ஒருத்தர் ஆறுதல் சொல்லி, காட்பாடி வரைக்கும் போக வேண்டியவர் எங்களுக்காக வேலூரிலேயே இறங்கி, ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் வந்து இளநீர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார் என்றால் பார்த்துக்கொள்.

கவுன்ட்டரில் அதே ஃபீபி. நீங்க இவருக்கு யாரு என்று கேட்டது. பாய் நெஞ்சை நிமிர்த்தி, "அண்ணன். கூடப் பொறந்தவன்" என்றார். அடுத்து பெயர் கேட்டது. அங்கேதான் போச்சு. நாற்பது வருஷம் ரிப்போர்ட்டில் எழுதின பெயர், கேட்டவுடனே கை தானாகக் கையெழுத்துப் போடுகிற மாதிரி வாய் தானாகச் சொல்லிவிட்டது. "முக்தார் அகமது, சன் ஆஃப் அப்துல் வஹாப், ஆம்பூர்."

ஃபீபி என் பெயர் இருக்கிற சீட்டைப் பார்த்தது. பாயைப் பார்த்தது.

"அப்பா வேற வேறயா?"

"கம்பெனி ஒண்ணு மேடம்" என்றார் பாய்.

நான் நடுவில் புகுந்தேன். முடி வெட்டிட்டேன்மா, மீசை பார், கோட்டுப் பார், லாட்டை நல்லா ரீஒர்க் பண்ணிட்டோம், இவரே பார்த்து பின்கழுத்து மச்சம் வரைக்கும் மார்க் பண்ணிட்டார், ஒரே ஒரு தடவை மறு இன்ஸ்பெக்ஷன் போடச் சொல்லு, போன தடவை லைட் சரியில்லாமல் இருந்திருக்கும் என்று மளமளவென்று சொன்னேன். அந்தப் பிள்ளை எழுந்து வந்து என் பின்கழுத்தில் கை வைத்தது. ஒரு அம்பு விட்டுப்போயிருந்தது. அதைத் தோல் இழுபடாமல் மெல்ல உரித்தெடுத்தது.

"அங்கிள், இது தொடைச்சா போறது இல்ல" என்றது. பிறகு பாயிடம், கூட வாங்க, ஆனால் வெளியே உட்காருங்க, உள்ளே சொந்தக்காரங்க ஒருத்தர்தான் வரணும், டாக்டர் சொல்றதைக் கேட்டு வைத்துக்கொள்ளணும், அப்புறம் வரப்போகிறதுக்கெல்லாம் கையெழுத்துப் போடணும், அதுதான் இங்கே வழக்கம் என்று தன்மையாகச் சொல்லி அனுப்பிவிட்டது. அந்தப் பிள்ளைமேல் தப்பு இல்லை. பேஜாராக வெளியே வந்தோம்.

எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்தோம். பாய் டீயை வாங்கிக் குடிக்காமல் வைத்திருந்தார். நான் சும்மா இருக்க முடியாமல், பாய், என் சரக்கை ஒருதரம்கூட முழுசா பாஸ் பண்ணாத பாவத்துக்குத்தான் ஆண்டவன் உங்களை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறான், கடைசியில் நானே ரிஜெக்ட்டு என்றேன். ஜோக்காகத்தான் சொன்னேன். அவர் கோபமாகத் திரும்பினார்.

"ரிஜெக்ட்டுன்னு எழுதினேன் ஐசக்கு. தூக்கிப் போடுன்னு என்னிக்காவது சொன்னேனா? எக்ஸ்போர்ட்டுக்கு ஆவாது, லோக்கல்ல போட்டுக்கட்டும்னுதானே எழுதினேன். உன் கால்ல இருக்கறதும் அதான். என் கால்ல இருக்கறதும் அதான். ஆம்பூர் பூரா அதத்தான் போட்டுக்கினு நடக்குது. நடக்குற வரைக்கும் நட. நான் கூட வர்றேன்."

கீழே பார்த்தேன். உண்மைதான். என் ஷூவில் இடது கால் ஒரு பழுப்பு, வலது கால் ஒரு பழுப்பு. மிஸ்மேட்ச் என்று அவரே ரிஜெக்ட் பண்ணின ஜோடி. எத்தனை வருஷமாகப் போட்டு நடக்கிறேன், எவனும் என் காலைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்றைக்கு வேலூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே போனோம். அவருக்கு முழங்கால் வலி, எனக்கு வயிறு, இரண்டு பேரும் மாறி மாறி நின்று மூச்சு வாங்கி, ஊர்வலம் மாதிரிப் போனோம். வழியில் போலீஸ்காரர் எங்களுக்காக டிராஃபிக்கை நிறுத்தினார். இல்லை, அதுவாகத்தான் நின்றது. சரி, நிற்கவே இல்லை.

ஆகையால் மருமகனே, சுருக்கமாகச் சொன்னால் நிலைமை இது. முக்தார் பாய் நடக்கக் கூட வருவார். கேட்பதற்கு ஒரு ஆள் வேண்டும். என்ன சொல்லப்போகிறார்கள் என்று எனக்கு ஏற்கனவே தெரியும், அந்த வார்த்தையை நான் படித்துவிட்டேன், அதனால் பயப்படாதே, நீ எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய அவசியம் வராது. நீ அங்கே இருந்தால் மட்டும் போதும். டாக்டர் என்னை விட்டுவிட்டு உன்னைப் பார்த்துப் பேசுவார். அந்த நேரம் நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இவ்வளவுதான் வேலை. வியாழக்கிழமை காலை பெங்களூரிலிருந்து காட்பாடி இறங்கினால் போதும், நான் ஸ்டேஷனுக்கே வந்துவிடுவேன். மத்தியானத்துக்கெல்லாம் உன்னை ரயில் ஏற்றிவிடுகிறேன்.

ஜெனிஃபாவுக்கு என் அன்பு. ஜோவினுக்கு முத்தம், அவனுக்கு இங்கிலீஷ் கற்றுக்கொடுக்கும்போது அந்த ஐந்து ரவுடிகளைக் கடைசியாகக் கற்றுக்கொடு, அவசரமில்லை. உன்னையும் உன் வீட்டாரையும் கர்த்தர் போகும்போதும் வரும்போதும் காப்பாராக. உன் அம்மா இருந்து சொல்ல வேண்டிய ஆசீர்வாதத்தையும் சேர்த்து நானே சொல்லிவிடுகிறேன், அவள் பங்கை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

இப்படிக்கு,
உன் மாமா,
ஐசக் தேவசகாயம்

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன்னால் ஒருதரம் படித்துப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. எல்லாம் புளுகு, ஷாஜின். வயிற்று வலி வெறும் வாயு. சீரகத் தண்ணீருக்கே அடங்கிவிட்டது. குழாய் மெஷின் கிடையாது, மேஜையில் நான் படுக்கவில்லை, முதுகில் அம்பு ஒட்டவில்லை, ஃபீபி என்று எந்த நர்ஸையும் எனக்குத் தெரியாது, இளநீர் வாங்கிக் கொடுக்கிற லுங்கி வியாபாரி உலகத்திலேயே கிடையாது. அந்த வார்த்தையை ஏதோ பேப்பரில் பார்த்தேன், கதைக்கு நன்றாக இருக்கிறதே என்று எடுத்துக்கொண்டேன். மாமாவைப் பற்றி உனக்குத் தெரியாதா? லீவு போட்டுவிடாதே. உன் வேலையைப் பார்.

ஒரு சின்னப் பகுதி மட்டும் நிஜம். வியாழக்கிழமை முக்தார் பாய் அந்த டாக்டர் அறைக் கதவு வரைக்கும் என்கூட வருவார். அதுக்கு மேலே அவரை விட மாட்டார்கள்.